எது பழகும், எது பழகக் கூடாது

தம்பி, உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் காரைக்குடியில் பொறியியல் இடம் வாங்கியிருக்கிறாய். விடுதிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. சாப்பாடு இறங்கவில்லை, இரவில் தூக்கமில்லை, வகுப்பில் பேசுகிற ஆங்கிலம் பிடிபடவில்லை. அறையில் மற்ற மூவரும் நகரத்துப் பிள்ளைகள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன், அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை, விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று கேட்கிறாய். கடைசி வரியில், “எல்லாருக்கும் பழகிவிட்டது, எனக்கு மட்டும் ஏன் பழகவில்லை?” என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. போகலாமா இருக்கலாமா என்பது அதற்குப் பின்னால் வருகிற கேள்வி. அதனால் முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

நான் காரைக்குடி வட்டாரத்தில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். அதில் பதினோரு ஆண்டுகள் ஆண்கள் விடுதியில் துணைக் காப்பாளராகவும் இருந்தேன். உன் வயதுப் பிள்ளைகளை ‘நீ’ என்று அழைத்தே பழக்கம், தவறாக எடுத்துக்கொள்ளாதே. நான் மருத்துவன் இல்லை, மனநலம் படித்தவனும் இல்லை. பெண்கள் விடுதியின் உள்வாழ்க்கையும் எனக்குத் தெரியாது. என்னிடம் வந்து பேசிய பிள்ளைகளையும், இரவு ரவுண்டு போகும்போது கண்ணில் பட்டதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

எல்லாருக்கும் பழகிவிட்டது என்று நீ நினைப்பது சரியில்லை. இதை உறுதியாகவே சொல்வேன். முதலாண்டு பிளாக்கில் இரவு பதினோரு மணிக்கு நடந்து பார்த்தவனுக்குத் தெரியும். பகலில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்த பையன் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பான். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவன் அரை மணி நேரம் வரமாட்டான். வெளியூரில் பெரிய பள்ளியில் படித்தவன், ஆங்கிலம் மழையாகப் பொழிகிறவன், என் அறைக்கு வந்து “சார், வீட்டுக்குப் போகணும்” என்று சின்னப் பிள்ளைபோல் தேம்பியதைப் பார்த்திருக்கிறேன். உன் அறை நண்பர்கள் மூவரும் அழுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீ குழாயைத் திறந்துவிடுகிற மாதிரி அவர்களும் எதையாவது திறந்துவிட்டுத்தான் மறைப்பார்கள். மறைப்பதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். அதனால்தான் ஒவ்வொருவனுக்கும் தான் மட்டும் தோற்றுவிட்டதாகத் தோன்றுகிறது.

நீ இப்போது வந்திருக்கிற மண்ணுக்கு இது புதிதும் இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னால், பதின்மூன்று பதினான்கு வயதில் பையன்களைக் கப்பல் ஏற்றி பர்மாவுக்கும் மலாயாவுக்கும் அனுப்பினார்கள். ‘கொண்டுவிக்கப் போவது’ என்பார்கள். என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், அப்படித்தான் ரங்கூன் மொகல் தெருவுக்குப் போனார். அங்கே கிட்டங்கி என்று நீளமான ஒரு கூடம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்மேசை, உட்கார ஒரு பாய். பகலில் அதே இடத்தில் வட்டிக்கணக்கு, இரவில் அதே இடத்தில் படுக்கை, பொதுச் சமையல், பொதுப் பந்தி. புதிதாக வருகிறவன் பெட்டியடிப் பையன். எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்குக் கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்தாள், அதற்கும் பிறகு கடையை நடத்தும் மேலாள். ஒரு கணக்கு, அதாவது ஒருமுறை போனால் அங்கே வேலை பார்க்க வேண்டிய காலம், மூன்று ஆண்டு, அதுவரை வீடு கிடையாது. நீ இருக்கிற விடுதியை விடப் பல மடங்கு கடினமான விடுதி அது. முதல் மாதங்களில் வேலை முடிந்ததும் துறைமுகத்துக்குப் போய், சென்னைக்குப் புறப்படும் கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். எத்தனையோ ஆண்டு கழித்து என் வகுப்பில் சேலத்துப் பையன் ஒருவன் தினமும் சாயங்காலம் காரைக்குடி பேருந்து நிலையத்துக்குப் போய், திருச்சிப் பேருந்து கிளம்புவதைப் பார்த்துவிட்டு வருகிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஐயா நினைவுதான் வந்தது. ஐயாவுக்கு அது எப்போது நின்றது என்று ஒருமுறை கேட்டேன். மேலாள் ஒருநாள் நாள்குறிப்பை, அதாவது அன்றன்றைய வரவு செலவை, எழுதும் வேலையை அவரிடம் கொடுத்தாராம். இருட்டுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். அந்த வேலை வந்ததும் கப்பல் பார்க்கப் போக நேரமில்லாமல் போய்விட்டது. சேலத்துப் பையனுக்கு நாங்கள் மெஸ் கமிட்டியில் காய்கறிக் கணக்கு எழுதும் பொறுப்பைக் கொடுத்தோம். ஒரு மாதத்தில் எல்லா மாடியிலும் அவனைத் தெரியாதவர் இல்லை. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை, ஊர் நினைப்பு வந்து அமுக்குகிற அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஏதாவது ஒரு பொறுப்பைத் தேடிக்கொள். மெஸ், நூலகம், வாலிபால், நாட்டு நலப்பணித் திட்டம், எதுவாக இருந்தாலும் சரி. நீ வராவிட்டால் உன்னைத் தேட ஒரு ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

சாப்பாடு பழகும். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இங்கத்தி மசாலாக் காரமும் மெஸ்ஸின் சோடா மாவு இட்லியும் மூன்று வாரத்தில் பழகாதது இயல்பு. ஆனால் வயிற்றைக் காயப் போடாதே. தூக்கமின்மையும் பட்டினியும் சேர்ந்தால் எந்தத் துக்கமும் இரண்டு மடங்காகத் தெரியும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலை உணவை மட்டும் ஒருநாளும் விடாதே. பிடிக்காத குழம்பு என்றால் தயிர்ச்சோறாவது சாப்பிட்டு எழு. ஞாயிற்றுக்கிழமை அறையிலேயே படுத்துக் கிடக்காதே. குன்றக்குடி மலைக்கோ பிள்ளையார்பட்டிக்கோ டவுன் பஸ்ஸில் அரை மணியில் போய்விடலாம். திங்கள் மாலை வகுப்பு முடிந்து சந்தைக்குப் போ. தெரிந்த கடைக்காரர் ஒருவர் கிடைத்துவிட்டால் போதும், ஊர் பாதி உன்னுடையது ஆகிவிடும். 1947-இல் வள்ளல் அழகப்பர் இங்கே கலைக் கல்லூரி தொடங்கியதிலிருந்து வெளியூர்ப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய ஊர் இது. டீக்கடையில் நீ பேசுகிற தர்மபுரித் தமிழைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆங்கிலத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இது என் தொழில். உனக்குப் பாடம் தெரியவில்லை என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். உனக்குப் பாடத்தின் பெயர்தான் தெரியவில்லை. மேட்ரிக்ஸ் என்று பலகையில் எழுதுகிறார்களே, அது நீ பன்னிரண்டாம் வகுப்பில் முதல் பாடமாகப் படித்த அணி. டிடெர்மினன்ட் என்றால் அணிக்கோவை, இன்வர்ஸ் என்றால் நேர்மாறு, ரேங்க் என்றால் அணித்தரம். டிஃபரன்சியேஷன் வகையிடல், இன்டக்ரேஷன் தொகையிடல், ஃபங்ஷன் சார்பு. உன் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் வீட்டில் இருந்தால் தம்பி தங்கையிடம் சொல்லி அனுப்பி வைக்கச் சொல். அதை ஒரு பக்கமும் கல்லூரிப் புத்தகத்தை ஒரு பக்கமும் வைத்து, ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுது. ஒரு பாடத்துக்கு முப்பது நாற்பது சொல்தான் திரும்பத் திரும்ப வரும். அவை பிடிபட்டுவிட்டால் ஆசிரியர் பேசுவது காதில் சொல்லாக விழ ஆரம்பிக்கும். நாளைக்கு நடத்தப்போகிற இரண்டு பக்கத்தை இன்று இரவு படித்துவிட்டுப் போ. புரிய வேண்டும் என்றில்லை, சொற்கள் கண்ணில் பட்டிருந்தால் போதும். என் வகுப்பில் தமிழ் வழியில் வந்தவர்கள் முதல் இன்டர்னல் தேர்வில் தடுமாறுவார்கள். இதை ஒழுங்காகச் செய்தவர்களில் பலர் இரண்டாம் செமஸ்டரில் மற்றவர்களோடு சேர்ந்து நின்றார்கள். எல்லோரும் நின்றார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அரியரோடு இழுபட்டவர்களும் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் புரியவில்லை என்று கேட்காமலே முதல் செமஸ்டரைக் கழித்தவர்கள். வகுப்பில் கை தூக்கக் கூச்சமாக இருந்தால் வகுப்பு முடிந்து ஆசிரியர் பின்னால் நட. நடந்துகொண்டே கேட்ட பிள்ளைகளைத்தான் எனக்கு இன்றும் முகத்தோடு நினைவிருக்கிறது. பேசுகிற ஆங்கிலம் இதைவிட மெதுவாகத்தான் வரும், ஓராண்டு ஈராண்டு ஆகும். அதற்காக இப்போது கவலைப்படாதே. இன்ஜினியரிங் கிராபிக்ஸ் தாளில் கோடு நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அங்கே நீ அறை நண்பனுக்குச் சொல்லிக்கொடுக்கிற நிலை வரலாம். வந்தால் அவனிடம் பதிலுக்கு ஆங்கிலம் கேட்டு வாங்கிக்கொள்.

ஊருக்கு எப்போது போவது என்பதில் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. முதல் மாதம் போகாமல் இருந்தவன் சீக்கிரம் பழகினான் என்பது பொதுவாக நான் பார்த்தது. ஆனால் இரண்டாவது வாரமே போய், அம்மா கையால் சாப்பிட்டு, இரண்டு நாள் தூங்கி எழுந்து வந்து தெளிந்தவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பையைத் தூக்கியவர்கள்தான் கடைசிவரை இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் அலைந்தார்கள். உனக்குப் புதுக்கோட்டை, திருச்சி, சேலம் என்று பேருந்து மாறிப் போக ஒரு இரவு, வர ஒரு இரவு. வார விடுமுறையில் அது ஓய்வாக இருக்காது. ஆயுத பூஜை விடுமுறை வரை தள்ளிப் போடப் பார். முடியவில்லை என்றால் போய்விட்டு வா, அதில் ஒரு தோல்வியும் இல்லை. போனும் அப்படித்தான். நாளுக்கு ஒரு முறை, சாப்பிட்டு முடித்த பிறகு, ஒரே நேரத்தில் பேசு. படுக்கப்போகும் முன் பேசினால் அந்தக் குரலை வைத்துக்கொண்டு விடிய விடியப் புரள்வாய்.

இதுவரை சொன்னதெல்லாம் பழகும். பழகக் கூடாதவையும் இருக்கின்றன. சீனியர்கள் பேரைக் கேட்பது, ஊரைக் கேட்பது வேறு. இரவில் அறைக்கு வரச் சொல்வது, நிற்க வைப்பது, வேலை வாங்குவது, அடிப்பது, பணம் கேட்பது வேறு. இரண்டாவது நடந்தால் பொறுத்துப் போகாதே. தமிழ்நாட்டில் 1997-லேயே பகடிவதை, அதாவது ராகிங், தடைச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு முதலாண்டு மருத்துவ மாணவன் விடுதியில் கொல்லப்பட்டதற்குப் பிறகு கொண்டுவந்த சட்டம் அது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணில் எந்நேரமும் புகார் சொல்லலாம். இன்னொன்று மென்மையாக வரும். “எந்த ஊரு, எந்தத் தெரு, குலசாமி எது?” என்று அன்பாகக் கேட்பார்கள். சில இடங்களில் அது சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி. பதில் வந்ததும் நம்மாளு, வேற்றாளு என்று கோடு போட்டுவிடுவார்கள். கையில் கயிறு கட்டிக்கொண்டு எங்களோடு வா என்று கூப்பிடுகிற கூட்டம், தனியாக இருக்கிறவனுக்குப் பெரிய ஆறுதலாகத் தெரியும். முதல் மாதத்துத் தனிமையில் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டு, பிறகு நான்கு ஆண்டும் வெளியே வர முடியாமல் போன பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல், சிரித்துவிட்டு நகர்ந்துவிடு.

பணத்தை முன்னிட்டு வயிற்றைக் குறைத்துக்கொள்வதும் பழகக் கூடாதது. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. உன்னிடம் யாராவது கேட்டால் அலுவலகத்தில் விளக்கம் கேள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். உங்கள் கல்லூரியிலேயே இதைப் பார்க்க ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார்.

அடுத்துச் சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கஷ்டமானது. நான் துணைக் காப்பாளரான இரண்டாம் ஆண்டு, ஒரு பையன் ராத்திரி என் கதவைத் தட்டி, எதிலும் பிடிப்பில்லை சார் என்றான். எல்லாரிடமும் சொல்கிற அதே சொல்லை அவனிடமும் சொன்னேன்: பழகிவிடும். பிறகும் இரண்டு முறை வந்தான், இரண்டு முறையும் அதையே சொன்னேன். அவனுக்கு இருந்தது ஊர் ஏக்கம் இல்லை, மனச்சோர்வு நோய். செமஸ்டர் பாதியில் அவன் அப்பா வந்து அழைத்துப் போய்ச் சிகிச்சை தந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நல்லவேளை, பிழைத்தான், வேறு ஊரில் படித்தும் முடித்தான். ஆனால் மூன்று முறை அவன் கதவைத் தட்டியதை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உன்னிடம் கேட்கிறேன். நாளில் ஒரு மணி நேரமாவது இந்த வேதனை மறந்திருக்கிறாயா? கிரிக்கெட் பார்க்கும்போது, ஒரு கணக்கு சரியாக வரும்போது, யாரோ ஒரு ஜோக் சொல்லும்போது? மறக்கிறாய் என்றால், வாரத்துக்கு வாரம் கொஞ்சமாவது லேசாகிறது என்றால், அது பெரும்பாலும் ஊர் ஏக்கம். எதுவுமே மறக்க வைக்கவில்லை, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடிக்கிறது, செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீ எழுதியதை வைத்து இரண்டில் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. மூன்று வாரமாகச் சாப்பாடும் தூக்கமும் இல்லை என்பதால், சந்தேகத்தின் பலனை மருத்துவர் பக்கமே கொடு. 14416 என்பது டெலி மனஸ், அரசு நடத்துகிற இலவச மனநல உதவி எண், இரவு பகல் எப்போது அழைத்தாலும் தமிழில் பேசலாம். காரைக்குடி அரசு மருத்துவமனைக்கு நேரிலும் போகலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் இப்போதே இருந்தால் இந்தப் பதிலை இதோடு நிறுத்திவிட்டு அந்த எண்ணை அழை, பக்கத்து அறையில் இருக்கிறவனை எழுப்பி உன்னோடு உட்காரச் சொல்.

இப்போது போய்விடலாமா என்ற கேள்வி. விடுதி பிடிக்காமல் போக நினைப்பதும், படிப்பே பிடிக்காமல் போக நினைப்பதும் வேறு வேறு. விடுதிதான் பிரச்சினை என்றால் அறை மாற்றலாம், வெளியில் நண்பர்களோடு வீடு எடுக்கலாம், வழி உண்டு. நான்கு பேர் அறையில் ஒருவனோடு ஒத்துப்போகாமல் படிப்பையே விட்டவர்களைப் பார்த்து இன்றும் வருத்தப்படுகிறேன். படிப்பே ஒவ்வவில்லை என்றால் அதை மூன்றாவது வாரத்தில் யாராலும் தீர்மானிக்க முடியாது, ஏனென்றால் உண்மையான படிப்பு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. முதல் இன்டர்னல் முடியட்டும். அப்போதும் அதே எண்ணம் இருந்தால் வெட்கப்படாமல் விலகு. ஒருவனுக்கு வரலாறும் இன்னொருவனுக்கு விவசாயமும்தான் சரி என்று ஆனதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடாதே. 75 விழுக்காடு வருகைப் பதிவு இல்லாவிட்டால் தேர்வு எழுதுவதே சிக்கலாகும். இந்த இடத்தை விட்டால் இதே இடம் திரும்பக் கிடைக்கும் என்றும் எண்ணாதே. முறையாக எழுதிக் கொடுத்து விலகுகிறவனின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லியிருக்கிறது. ஆகையால் சான்றிதழ் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் இருக்கவும் வேண்டாம்.

அப்பாவிடம் பேச வாய் வரவில்லை என்றாய். நீ விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்வாயோ என்ற பயம் அவருக்கு இருக்கும், அவர் உடைந்துவிடுவாரோ என்ற பயம் உனக்கு. முதல் வரியிலேயே அந்தப் பயத்தை எடுத்துவிடு. “அப்பா, நான் விட்டுட்டு வரேன்னு சொல்லலை. ஆனா இங்க எனக்குக் கஷ்டமா இருக்கு. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், கேட்டுக்கிட்டா போதும்.” இப்படித் தொடங்கச் சொல்லி எத்தனையோ பிள்ளைகளை என் அறைப் போனிலிருந்து பேச வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனமாக இருக்கும். பிறகு பெரும்பாலான அப்பாக்கள் கேட்ட முதல் கேள்வி, “சாப்பிட்டியா?” என்பதுதான். திட்டிய அப்பாக்களும் உண்டு, மறைக்கவில்லை. அவர்களும் அடுத்த வாரம் விடுதி வாசலில் வந்து நின்றார்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு படி கேழ்வரகு மாவு கொண்டு வா. உங்கள் மெஸ் மாஸ்டரிடம் நீயே போய்க் கேள். எங்கள் விடுதியில் உன் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் அப்படிக் கேட்டபோது, காரைக்குடிக்காரரான மாஸ்டருக்குக் களி கிண்டவே தெரியவில்லை. பையன்தான் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்லிக்கொடுத்தான். கட்டி தட்டியிருந்தது. அன்று ராத்திரி இருபது பேர் அதைக் கருவாட்டுக் குழம்போடு சாப்பிட்டார்கள்.